கல்லோட தோற்றத்தைச் சொல்ற வார்த்தைகள்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

ஜியாலஜி ப்ராக்டிக்கல்ல பசங்க கேக்குறதும், கிணறு வெட்டும்போது கிடைச்ச கல்லை மஞ்சப்பையில போட்டுக் கொண்டு வர்றவங்க கேக்குறதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்க தான். கல்லு பாக்க எப்படி இருக்குன்னு சொல்ற வார்த்தைங்க, அதுல பாதி புக்குல இருக்கிறது, பாதி சுரங்கத்துலயும் கடையிலயும் புழங்குறது, எதை எங்க சொல்லணும்னு தான் குழப்பம். கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய போட்டுருக்கேன். முன்னாடி சொன்னதை திரும்ப எழுதலை, அதனால முதல்லேர்ந்து படிச்சா நல்லது.

லஸ்டர்னு ஒன்னு, கலர்னு ஒன்னு எதுக்கு? ரெண்டும் ஒன்னு தானே மேடம்?

ஒன்னு இல்லப்பா. கலர்ங்கறது அந்தக் கல்லு எந்த வெளிச்சத்தை உறிஞ்சிட்டு எதை வெளிய விடுதுங்கறது. லஸ்டர்ங்கறது அதோட பரப்பு வெளிச்சத்தை எப்படி திருப்புதுங்கறது. கறுப்பு டூர்மலினையும் மேக்னடைட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ரெண்டும் கறுப்பு தான், ஆனா டூர்மலின் கண்ணாடி பளபளப்பு, மேக்னடைட் இரும்பு பளபளப்பு. அதே மாதிரி குவார்ட்ஸ் வெள்ளையா இருக்கும், ஊதாவா இருக்கும், புகை கலர்ல இருக்கும், ரோஸா இருக்கும், எல்லாத்துக்கும் லஸ்டர் ஒன்னே ஒன்னு தான், விட்ரியஸ், அதாவது கண்ணாடிப் பளபளப்பு.

அதனால நோட்டுல எழுதும்போது லஸ்டரை முதல்ல எழுதுங்க, கலரை அப்புறம் எழுதுங்க. ரெண்டையுமே உடைச்ச புதுப் பரப்புல பாக்கணும். வெயில்லயும் மழையிலயும் கிடந்த மேல்தோலைப் பாத்து எழுதினா அது கல்லோட லஸ்டர் இல்ல, அழுக்கோட லஸ்டர்.

விட்ரியஸ், ரெசினஸ், பேர்லி, சில்கி, கிரீஸினு பெரிய லிஸ்ட்டா இருக்கு, மனப்பாடம் பண்ணாம புரிஞ்சுக்க வழி இருக்கா?

இருக்கு. முதல் கேள்வி, மெட்டாலிக்கா இல்லையா. கலீனா, பைரைட், சால்கோபைரைட் மாதிரி மெட்டாலிக் கல்லுங்க ஓரத்தை எவ்ளோ மெல்லிசா உடைச்சாலும் வெளிச்சத்தை விடாது. மெட்டாலிக் இல்லைன்னா ரெண்டாவது கேள்வி, பளபளப்பு எங்கேர்ந்து வருது. சிலது வெறும் ஒளிவிலகல் எண்ணால, அதாவது வெளிச்சம் கல்லுக்குள்ள போகும்போது எவ்ளோ வளையுதுங்கற கணக்கால வர்றது. ஃப்ளோரைட் 1.43, குவார்ட்ஸ் 1.54 லேர்ந்து 1.55, கார்னெட் 1.8 பக்கம், இதெல்லாம் விட்ரியஸ். சுமார் 1.9க்கு மேல போனா அடமன்டைன்னு சொல்ற வைரப் பளபளப்பு வந்துடும், வைரம் 2.42, ஈயக்கனிமம் செருசைட், தகரக்கனிமம் காசிட்டரைட் எல்லாம் இந்தப் பக்கம் தான். ரெசினஸ்ங்கறது குங்கிலியம், பிசின் மாதிரி இருக்கிறது, கந்தகமும் ஸ்ஃபேலரைட்டும் இதுக்கு நல்ல உதாரணம், ஸ்ஃபேலரைட்டுக்கு எண் 2.37 இருந்தும் அந்த மஞ்சப்பழுப்பு கலர் சேர்ந்துட்டா கண்ணுக்கு பிசின் மாதிரி தெரியும்.

மீதி எல்லாம் அமைப்பால வர்றது. ஏடு ஏடா இருந்தா ஒவ்வொரு ஏட்டுலயும் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா திரும்பி முத்து மாதிரி தெரியும், அது பேர்லி. நார் நாரா ஒரே பக்கமா படுத்திருந்தா பட்டு மாதிரி, அது சில்கி. கண்ணுக்குத் தெரியாத அளவு சொரசொரப்பு இருந்தா கிரீஸி, இல்ல வேக்ஸி. துகள் துகளா, துளை துளையா இருந்தா வெளிச்சம் எல்லாப் பக்கமும் செதறிடும், அது எர்தி, நாமக்கட்டி மாதிரி. இந்தக் காரணத்தை பிடிச்சுக்கிட்டீங்கன்னா பேரு தானா நினைவு வரும்.

எங்க ஊரு ஆத்து மணல்ல தங்கம் மாதிரி மின்னுது, தங்கமா இருக்குமா அக்கா?

கிட்டத்தட்ட எல்லாத் தடவையும் காக்காப்பொன் தான், அதாவது மைக்கா. கறுப்பு மைக்காவான பயோட்டைட் வெயில் மழைல இத்துப்போகும்போது கறுப்பு போயி வெண்கலக் கலருக்கும் பொன் கலருக்கும் வந்துடும், தண்ணிக்குள்ள வெயில் பட்டா நெஜமாவே தங்கம் மாதிரி தான் தெரியும். ஆசைப்படறது தப்பு இல்ல, ஆனா சோதிக்கறது சுலபம். ஒரு துணுக்கை ஈரமான விரல்ல எடுத்து குண்டூசியால குத்துங்க. மைக்கா ஏடு ஏடா பிரியும், உதிரும். தங்கம் உடையாது, நசுங்கும்.

இன்னொன்னு, மணலை தட்டுல போட்டு தண்ணில அலசினா மைக்கா லேசா மேல மிதந்து முதல்லயே போயிடும். தங்கம் எடை அதிகம், அடில கறுப்பு மணலோட தங்கும். மேல மின்னுறதைப் பாத்து ஏமாறவே வேண்டாம்.

கருங்கல் ஜல்லில மஞ்சளா பளபளன்னு சதுரம் சதுரமா இருக்கு, அதுவும் மைக்காவா?

சதுரமா இருந்தா அது பைரைட், இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. உலகம் பூரா இதை முட்டாள்களின் தங்கம்னு சொல்றாங்க, எனக்கு அந்தப் பேர் பிடிக்கறதே இல்ல, ஏன்னா தெரியாம கேக்கறவங்களை அந்தப் பேர் அவமானப்படுத்துது. கனசதுரமா இருக்கும், முகத்துல சன்னமா கோடு கோடா ஓடும், பக்கத்து பக்கத்து முகத்துல அந்தக் கோடுங்க ஒன்னுக்கொன்னு குறுக்கா இருக்கும். லென்ஸ்ல பாத்தா அவ்வளவு அழகு.

பைரைட்டோட மஞ்சள் வெளிறின பித்தளைக் கலர். தங்கத்தோட மஞ்சள் எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாது, பைரைட் திருப்பத் திருப்ப மினுங்கி மங்கும். மெருகு போடாத பீங்கான் ஓட்டுல தேச்சுப் பாருங்க, பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும், தங்கம் மஞ்சக்கோடே போடும். இந்தக் கோட்டுக்கு பேரு தான் ஸ்ட்ரீக். பைரைட் கத்திக்கு மசியாது, கடினத்தைச் சொல்ற மோஸ் அளவுல 6 லேர்ந்து 6.5, தங்கம் 2.5 லேர்ந்து 3 தான். நடுவுல சால்கோபைரைட்னு ஒன்னு இருக்கு, அழுத்தமான பித்தளை மஞ்சள், கத்தியால கீறலாம், அதுவும் தங்கம் இல்ல, செம்புக் கனிமம்.

வயல் பூரா வெள்ளைக்கல்லா கிடக்கு, சிலர் வெங்கச்சங்கல்லுங்கறாங்க, சிலர் சுண்ணாம்புங்கறாங்க, மேக்னசைட்டுனும் சொல்றாங்க. எது சரி?

வெள்ளைங்கற ஒரு வார்த்தைய வெச்சு எதையும் சொல்ல முடியாது. வெங்கச்சங்கல்லுங்கறது குவார்ட்ஸ், பால் வெள்ளையா இருந்தாலும் உடைச்ச இடம் கண்ணாடி மாதிரியோ லேசா எண்ணெய் தடவின மாதிரியோ இருக்கும், தட்டையான தளமா உடையாது, வளைஞ்சு வளைஞ்சு உடையும், கண்ணாடிய கீறும். ஃபெல்ட்ஸ்பாரும் வெள்ளையா இருக்கும், ஆனா அது தட்டையா உடையும், கல்லை வெயில்ல திருப்பினா அந்தத் தளம் மொத்தமா பளிச்னு ஒரு தடவை அடிக்கும். சுக்கான் கல்லு எர்தி, கணு கணுவா இருக்கும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒரு சொட்டு விட்டா பொங்கும்.

மேக்னசைட்ல தான் தோற்றம் ஏமாத்தும். சேலத்துப் பக்கம் இருக்கிற மலைங்களுக்கு பிரிட்டிஷ்காரங்க சாக் ஹில்ஸ்னு பேர் வெச்சாங்க, வெள்ளை வெளேர்னு சீமைச்சுண்ணாம்பு மாதிரி தெரிஞ்சுது, ஆனா அங்க சீமைச்சுண்ணாம்பு ஒரு துண்டும் கிடையாது, டியூனைட் பாறைக்குள்ள வலை வலையா ஓடுற மேக்னசைட். உடைச்சுப் பாத்தா பீங்கான் மாதிரி மழமழன்னு இருக்கும், சில உருண்டைங்க காலிஃப்ளவர் மாதிரி முண்டு முண்டா இருக்கும். குளிர்ந்த ஆசிட் விட்டா பெருசா பொங்காது, பொடி பண்ணி சூடான ஆசிட் விட்டா பொங்கும். இந்த நாலு கல்லையும் எதிர்ல வெச்சுக்கிட்டு எழுதிப் பழகினாலே பாதி ப்ராக்டிக்கல் முடிஞ்சுது.

கிரீஸினா தொட்டா பிசுபிசுன்னு இருக்கணுமா? நான் தொட்டுப் பாத்தேன், ஒன்னும் ஒட்டலையே?

ஒட்டாது. லஸ்டர் முழுக்க கண்ணு சம்பந்தப்பட்டது. எண்ணெய் தடவின மாதிரி தெரியுதுன்னு மட்டும் தான் அர்த்தம், நெஃபெலின் அப்படி இருக்கும், பால் குவார்ட்ஸும் சில சமயம். தொட்டா வழுவழுன்னு இருக்கிறது வேற குணம், அதை ஃபீல்னு தனியா எழுதுவாங்க. மாக்கல்லை தொட்டா சோப்பு மாதிரி வழுக்கும், ஆனா அதுல இருக்கிற டால்க்கோட லஸ்டர் பேர்லி. கிராஃபைட் விரல்ல வழுக்கும், கறுப்பும் ஒட்டும், லஸ்டர் மெட்டாலிக், சிலதுல மங்கல். ரெண்டையும் ஒரே கட்டத்துல எழுதினா மார்க் போயிடும்.

கிரீஸி லுக்குக்கு சென்னைக்காரங்க ரொம்ப தூரம் போக வேண்டாம், பரங்கிமலையும் பல்லாவரமும் போதும். அங்க இருக்கிற சார்னகைட் பாறைய புதுசா உடைச்சா கரும்பச்சைல எண்ணெய் விட்ட மாதிரி ஒரு இருட்டு மினுமினுப்பு இருக்கும். ஃபெல்ட்ஸ்பாரே அங்க பச்சை சாயல்ல இருக்கும், குவார்ட்ஸ் பல இடத்துல நீலம் அடிக்கும். கொல்கத்தாவுல, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக் சமாதில இருக்கிற கல்லும் இதே வகை தான்னு பாத்து புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்கு சார்னகைட்னு பேர் வெச்சாரு, அவரோட பெரிய ஆய்வு 1900ல இந்திய புவியியல் ஆய்வுத்துறை வெளியீடா வந்துச்சு. ஆனா அதே பாறையோட வெளித்தோல் வெளிறிப்போயி சாதா கிரானைட் மாதிரி தெரியும். அதனால தான் முதல் பதில்லயே உடைச்சுப் பாருங்கன்னு சொன்னேன்.

பொட்ரியாய்டல், ரெனிஃபார்ம், மாமில்லரி மூணும் உருண்டை உருண்டையா தானே இருக்கு, எப்படி பிரிக்கறது?

அளவும் வளைவும் தான் வித்தியாசம். பொட்ரியாய்டல்னா திராட்சைக் கொத்து மாதிரி சின்னச் சின்ன உருண்டைங்க. ரெனிஃபார்ம்னா சிறுநீரகம் மாதிரி கொஞ்சம் பெரிய வழவழப்பான மேடுங்க, இங்கிலாந்துல கம்ப்ரியா பக்கத்து ஹெமடைட்டுக்கு கிட்னி ஓர்னே பேரு. மாமில்லரினா இன்னும் அகலமா, ஒன்னு மேல ஒன்னு ஏறின மாதிரி பெரிய வளைவு. இத்தனை மில்லிமீட்டருக்கு மேல இதுன்னு கறாரான கணக்கு கிடையாது, சந்தேகமா இருந்தா பொட்ரியாய்டல்னு எழுதிட்டு பக்கத்துல உருண்டையோட விட்டத்தை அளந்து எழுதிடுங்க. எந்த எக்ஸாமினரும் அதை தப்புன்னு சொல்ல மாட்டாங்க.

இதுல பசங்க கவனிக்காம விடறது உள்பக்கம். மலக்கைட் உருண்டைய குறுக்கா அறுத்தா இளம்பச்சையும் கரும்பச்சையும் வளையம் வளையமா தெரியும், கூடவே நடுவுலேர்ந்து வெளிய பாக்க நார் நாரா விரிஞ்சிருக்கும். ஒரு புள்ளில ஆரம்பிச்சு எல்லாப் பக்கமும் ஒரே வேகத்துல ஊசி ஊசியா வளர்ந்ததால தான் வெளிய உருண்டையா முடிஞ்சிருக்கு.

அசிகுலர், ஃபைப்ரஸ், கேபில்லரி, பிளேடட்னு நீளமா இருக்கிறதுக்கே இத்தனை பேரா?

ஆமா, ஆனா சீக்கிரம் பழகிடும். அசிகுலர் ஊசி, தனித்தனியா நிக்கும், ஸ்கோலசைட் மாதிரி. கேபில்லரி முடி, தொட்டா வளையும், மில்லரைட்டும் சில மெசோலைட்டும் அப்படி. ஃபைப்ரஸ் நார், நெருக்கமா சேர்ந்து படுத்திருக்கும். பெரம்பலூர் பக்கத்துல காரைனு ஒரு ஊர் இருக்கு, கிரெட்டேஷியஸ் கால களிமண் மேடுங்க, மண்ணுக்குள்ள வெடிப்பு வெடிப்பா ஜிப்சம் ஓடும், அந்த நரம்பை உடைச்சா நார் எல்லாம் நரம்போட சுவருக்கு குறுக்கா நிக்கும், வெயில்ல பட்டுத் துணி மாதிரி வெளிச்சம் நகரும். அதுக்கு சாட்டின் ஸ்பார்னு பேரு, சில்கி லஸ்டரை இதை வெச்சு தான் நான் சொல்லிக் குடுப்பேன். அதே ஜிப்சம் தெளிவா தகடா இருந்தா செலனைட்.

பிளேடட்னா கத்தி அலகு மாதிரி தட்டையா நீளமா இருக்கிறது, கயனைட்டை பாருங்க. கயனைட்டுக்கு நீளவாக்குல கடினம் 4.5 லேர்ந்து 5, குறுக்கால 6.5 லேர்ந்து 7. அதனால கத்தி ஒரு பக்கம் கீறும், இன்னொரு பக்கம் கீறாது.

சில்கியா நார் நாரா இருக்கிற கல்லை நகத்தால சொரண்டிப் பாக்கலாமா?

ஜிப்சம்னு உறுதியா தெரிஞ்சா தாராளமா. தெரியலைன்னா கூடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸும் சில்கி ஃபைப்ரஸ் தான், அந்த நார் பஞ்சு மாதிரி பிரியும், காத்துல போனா நுரையீரல்ல தங்கும், கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். சொரண்டாதீங்க, உடைக்காதீங்க, ஊதாதீங்க, கவர்ல போட்டு மூடி லேப்ல குடுங்க. கல்லை நாக்குல வெச்சு பாக்கற பழக்கமும் வேண்டாம், உப்புக்கல்லுக்கு அது சரி, ஈயமும் ஆர்சனிக்கும் இருக்கிற கல்லுங்களும் பளபளன்னு அழகா தான் இருக்கும்.

சுண்ணாம்புப் பலகைக்குள்ள செடி படிஞ்ச மாதிரி இருக்கு, ஃபாசில் தானே?

பெரும்பாலும் இல்ல. அது டென்ட்ரைட், மாங்கனீஸ் ஆக்சைடு கல்லோட வெடிப்புல தண்ணியோட ஊறிப்போயி கிளை கிளையா படிஞ்சது. ஜெர்மனில ஆர்க்கியோப்டெரிக்ஸ்ங்கற ஆதிப்பறவையோட ஃபாசில் கிடைச்ச சோல்ன்ஹோஃபென் சுண்ணாம்புப் பலகைங்கள்ல நெஜ ஃபாசிலும் இருக்கு, இந்த டென்ட்ரைட்டும் ஏராளமா இருக்கு, அதனால குழப்பம் ரொம்பப் பழசு.

லென்ஸ் வெச்சு மூணு விஷயம் பாருங்க. இலைல நடு நரம்பு இருக்கா, டென்ட்ரைட்ல இருக்காது. கிளை வெடிப்போட ஓரத்துலேர்ந்து உள்ளுக்கு கிளம்புதா, அப்ப டென்ட்ரைட். சின்னக் கிளைய பெருசு பண்ணிப் பாத்தா பெரிய கிளை மாதிரியே இருக்கா, அப்பவும் டென்ட்ரைட். இது ஹாபிட், அதாவது கனிமம் வளர்ற வடிவத்தைச் சொல்ற வார்த்தையாவும் வரும், இயற்கைல கிடைக்கிற செம்பும் வெள்ளியும் கூட டென்ட்ரிட்டிக்கா வளரும்.

வக், ட்ரூஸ், ஜியோடு வித்தியாசம் என்ன?

வக்னா பாறைக்குள்ள இருக்கிற பொந்து, அவ்ளோ தான். ட்ரூஸ்னா ஒரு பரப்பு மேல சர்க்கரை தூவின மாதிரி சின்னச் சின்ன கிறிஸ்டல் நெருக்கமா மூடியிருக்கிறது, அது வக்குக்குள்ளயும் இருக்கலாம், வெளியயும் இருக்கலாம். ஜியோடுனா உருண்டையா தனியா கழண்டு வர்ற, உள்ள பொந்தா இருந்து கிறிஸ்டல் படிஞ்ச கல்லு. கடைக்காரங்க மூணையும் ஜியோடுனு தான் விப்பாங்க.

சுகரி, சால்ட் அண்ட் பெப்பர்னு ஃபீல்டுல சொல்றாங்களே, இது கனிமத்துக்கா பாறைக்கா?

பாறைக்கு. சுகரினா சம அளவு மணி மணியா மின்னுற மார்பிள், குவார்ட்சைட். சால்ட் அண்ட் பெப்பர்னா டயோரைட் மாதிரி வெள்ளையும் கறுப்பும் கலந்தது. ஃபீல்டு நோட்டுல தாராளமா எழுதலாம்.

போ-டை ஸ்டில்பைட், டிஸ்கோ பால் அப்போஃபிலைட்னு சொல்றாங்க, இதை பரீட்சைல எழுதலாமா?

தனியா எழுதாதீங்க, கூட எழுதுங்க. புனே, நாசிக், ஜல்காவ் பக்கம் டெக்கான் ட்ராப் எரிமலைப் பாறைல, சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன்னாடி வழிஞ்ச லாவா, அதுக்குள்ள இருந்த காத்துக்குமிழி பொந்துங்கள்ல தண்ணி ஊறி ஊறி ஸ்டில்பைட் மாதிரி ஜியோலைட் வகைக் கனிமங்களும் அப்போஃபிலைட் மாதிரி அதோட கூட்டாளிங்களும் வளர்ந்திருக்கு. ஸ்டில்பைட் நடுவுல ஒடுங்கி ரெண்டு முனையும் விரிஞ்சு போ-டை மாதிரி, கோதுமைக் கட்டு மாதிரி இருக்கும். ஷீஃப் லைக்னு புக்லயே இருக்கு, அதனால அதை எழுதலாம். டிஸ்கோ பால்ங்கறது கலெக்டருங்களும் கடைக்காரங்களும் சொல்றது, உருண்டையா சேர்ந்த அப்போஃபிலைட்னு எழுதிட்டு பக்கத்துல அந்தப் பேரையும் எழுதினா போதும்.

எனக்கு இந்த செல்லப்பேருங்க மேல மதிப்பு உண்டு. புனே பக்கத்து வாகோலில கிடைக்கிற கேவன்சைட்டை நீலப் பந்துன்னு சொன்னா ஒருத்தரும் வேற கல்லோட குழப்பிக்க மாட்டாங்க, ஒரு புள்ளிலேர்ந்து எல்லாப் பக்கமும் விரிஞ்ச ரோஜா மாதிரி பளிச் நீலம். ஆனா சில பேரு தப்பா கூட்டிட்டு போகும், கிரேப் அகேட்னு இந்தோனேஷியாலேர்ந்து வர்ற ஊதாக் கொத்து அகேட்டே இல்ல, அகேட்ல இருக்கிற பட்டை இதுல கிடையாது, பொட்ரியாய்டல் குவார்ட்ஸ் வகை தான்.

இந்த வார்த்தைங்களை எல்லாம் யாரு முதல்ல வரிசைப்படுத்தினாங்க?

சுரங்கத் தொழிலாளிங்க நூத்துக்கணக்கான வருஷமா சொல்லிட்டு இருந்தாங்க. அதை ஒழுங்கு பண்ணினவர் ஜெர்மனிக்காரர் ஆப்ரகாம் காட்லோப் வெர்னர். 1774ல, இருபத்தஞ்சு வயசு கூட ஆகாதப்ப, கனிமங்களோட வெளி அடையாளங்களை மட்டுமே வெச்சு ஒரு புத்தகம் போட்டாரு, கலர், பளபளப்பு, உடையற விதம், தொட்டா எப்படி, எடை எப்படின்னு. அப்புறம் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்லூரில ஆயுசு பூரா சொல்லிக் குடுத்தாரு. 1812ல கடினத்துக்கு 1 லேர்ந்து 10 அளவு குடுத்த ஃப்ரெட்ரிக் மோஸ் அவரோட மாணவர், பின்னாடி அதே கல்லூரில அவர் இடத்துக்கே வந்தவர்.

வெர்னரோட கலர் பட்டியலை அவர் மாணவர் ராபர்ட் ஜேம்சன் எடின்பர்க் கொண்டு போனாரு, அங்க பேட்ரிக் சைம்ங்கற பூ ஓவியர் 1814ல ஒவ்வொரு கலரையும் கையால தீட்டி, இது எந்தப் பறவைல, எந்தப் பூவுல, எந்தக் கனிமத்துல இருக்குன்னு பக்கத்துலயே எழுதி வெளியிட்டாரு. டார்வின் பீகிள் கப்பல்ல அதை கையோட வெச்சிருந்தாரு. கேமரா கிடையாது, கலர் ஃபோட்டோ கிடையாது, பாத்த நீலம் எந்த நீலம்னு ஊர்ல இருக்கிறவனுக்கு வார்த்தைலயே சொல்லியாகணும். இன்னிக்கும் ஃபோட்டோல லஸ்டர் சரியா விழாது, அதனால அந்தத் தேவை போகலை.

பீகாக் ஓர்னு ஆன்லைன்ல வாங்கினேன், ஊதா நீலம் பச்சைனு ஜொலிக்குது, ஒரிஜினலா?

பீகாக் ஓர்ங்கற பேர் போர்னைட்டுக்கு உரியது. புதுசா உடைச்சா போர்னைட் செம்பு கலந்த வெண்கலக் கலர், காத்து பட்டதும் மேல மெல்லிசா ஒரு படலம் ஏறி மயில் கழுத்து கலர் வரும். ஆனா கடைல வர்றதுல நிறைய சால்கோபைரைட்டை ஆசிட்ல முக்கி கலர் ஏத்தினது. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கண்ணைப் பறிக்கற கலரா இருந்தா சந்தேகப்படுங்க. தெரியாத மூலைல கொஞ்சம் உடைச்சுப் பாருங்க, உள்ள பித்தளை மஞ்சளா இருந்தா சால்கோபைரைட்.

ஒரே கல்லுக்கு புக்குல ரெண்டு மூணு லஸ்டர் போட்டுருக்கு, எதை எழுதறது?

நீங்க பாக்கிற பரப்புல என்ன இருக்கோ அதை. அப்போஃபிலைட்டை மேல் தளத்துல பாத்தா பேர்லி, பக்கவாட்டு முகத்துல விட்ரியஸ், ஏன்னா அது மேல் தளத்துக்கு இணையா தான் ஏடு ஏடா பிரியும், ரெண்டாவது கேள்வில சொன்ன காரணம் தான். ஹெமடைட் கிறிஸ்டலா இருந்தா மெட்டாலிக், சிவப்பு மண்ணா இருந்தா எர்தி, ஆனா ரெண்டையும் பீங்கான்ல தேச்சா அதே செம்பழுப்புக் கோடு. எந்தத் தளத்துல பாத்தீங்கன்னு சேர்த்து எழுதுங்க, அப்ப ரெண்டும் சரியே.

ரெயின்போ மூன்ஸ்டோன் நெஜ மூன்ஸ்டோன் தானா? காங்கேயம் மூன்ஸ்டோன்னு விக்கறாங்களே அது?

காங்கேயம் பக்கத்து மூன்ஸ்டோன் நெஜம். ஆர்த்தோகிளேஸ்ங்கற ஃபெல்ட்ஸ்பாருக்குள்ள ஆல்பைட்ங்கற இன்னொரு ஃபெல்ட்ஸ்பார் மெல்லிசு மெல்லிசா அடுக்கா பிரிஞ்சு நிக்கும், வெளிச்சம் அதுல செதறி கல்லுக்குள்ள நிலா மிதக்கற மாதிரி தெரியும், அதுக்கு அடுலரசென்ஸ்னு பேரு. இலங்கைல மீட்டியாகொடை கல்லு நீல ஒளிக்கு பேர் போனது, அடுக்கு மெல்லிசா ஆக ஆக நீலம் கூடும்.

ரெயின்போ மூன்ஸ்டோன்னு விக்கறது லாப்ரடொரைட், வேற ஃபெல்ட்ஸ்பார். அதுலயும் உள் அடுக்கு தான் காரணம், ஆனா திருப்பும்போது பல கலர் பட்டை பட்டையா அடிக்கும். அழகான கல்லு தான், அந்த விலைக்கு வாங்கறதுல தப்பில்ல, மூன்ஸ்டோன் விலை மட்டும் குடுக்காதீங்க. சன்ஸ்டோன் இன்னொரு கதை, ஹெமடைட் மாதிரி சின்னத் தகடுங்க உள்ள மாட்டிக்கிட்டு பொறி பொறியா மின்னும். இந்த மூணும் லஸ்டர் இல்ல, ஏன்னா மேல்பரப்புல நடக்கறது இல்ல, உள்ள நடக்கறது.

லிமோனைட் மினரலே இல்லைங்கறாங்க, அப்ப ஏன் சிலபஸ்ல இருக்கு?

அது ஃபீல்டு பேரு. மஞ்சப்பழுப்பா, துரு மாதிரி இருக்கிற இரும்பு ஹைட்ராக்சைடு கலவைக்கு மொத்தமா சொல்றது, லேப்ல பாத்தா பெரும்பாலும் கோதைட் இருக்கும், கூட வேற சிலதும். சர்வதேச கனிமவியல் சங்கம் அதை தனிக் கனிமமா ஏத்துக்கலை. இதே மாதிரி கைல கறுப்பா ஒட்டற மாங்கனீஸ் மண்ணுக்கு வாட், பொடிப்பொடியான வெள்ளை மைக்காவுக்கு செரிசைட்.

இந்தப் பேருங்களை தூக்கிப் போடணும்னு சிலர் சொல்றாங்க, எனக்கு சம்மதம் இல்ல. மலை மேல எக்ஸ்ரே மெஷின் கிடையாது. கோதைட்னு எழுதினா சோதிச்சு உறுதி பண்ணின மாதிரி ஆயிடும், லிமோனைட்னு எழுதினா கண்ணால பாத்தது இவ்வளவு தான்னு நேர்மையா சொன்ன மாதிரி.

ஃபோட்டோ அனுப்பினா என்ன கல்லுன்னு சொல்வீங்களா?

ஃபோட்டோ மட்டும்னா கஷ்டம், மேல சொன்ன மாதிரி லஸ்டர் விழாது. கூட நாலு வரி எழுதி அனுப்புங்க. உதாரணத்துக்கு இப்படி: "புதுசா உடைச்ச பரப்பு, தேன் பழுப்பு, ரெசினஸ், பல பக்கம் தட்டையா உடையுது, கத்தி கீறுது, ஸ்ட்ரீக் வெளிர் மஞ்சள், தேய்க்கும்போது அழுகின முட்டை வாசம், பக்கத்துல கலீனா இருக்கு." இதை படிச்சா கல்லைப் பாக்காமலே ஸ்ஃபேலரைட்னு சொல்லிடலாம். அதே ஸ்ஃபேலரைட்ல இரும்பு கூடினா கறுப்பாயிடும், சுரங்கத்துல அதை பிளாக் ஜாக்னு சொல்வாங்க, அப்ப கலரை வெச்சு யாரும் கண்டுபிடிக்க முடியாது, ஸ்ட்ரீக்கும் உடையற விதமும் தான் காப்பாத்தும்.

என்கிட்ட இருக்கிற கல்லு பைரைட் மாதிரியே சதுரம், கோடு கூட இருக்கு, ஆனா துரு கலர், மெட்டாலிக் இல்ல. இது என்ன?

அருமையான கேள்வி, இதுக்கு மேல சொன்ன ரெண்டு மூணு பதிலையும் சேர்க்கணும். பீங்கான்ல தேச்சுப் பாருங்க, கோடு பச்சைக்கறுப்பா இல்லாம மஞ்சப்பழுப்பா விழுந்தா அது இப்ப பைரைட் இல்ல, லிமோனைட். பைரைட்டா வளர்ந்து, தண்ணியும் ஆக்சிஜனும் பட்டு கந்தகம் வெளியேறி, உருவம் மட்டும் அப்படியே நின்னு உள்சரக்கு மாறிடுச்சு. இதுக்கு சூடோமார்ஃப்னு பேரு. லேபிள்ல பைரைட்டோட வடிவத்துல லிமோனைட்னு எழுதுங்க. கொஞ்சம் பெரிய சதுரமா இருந்தா ஒன்னை நடுவுல உடைச்சுப் பாருங்க, சில சமயம் உள்ள மஞ்சளா பைரைட் மிச்சம் இருக்கும், சுத்தி பழுப்பு ஓடு.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரை கல்மரங்கள்லயும் இதே மாதிரி ஒரு மாற்றம் தான். சுமார் 2 கோடி வருஷப் பழசு, பட்டை, வளையம், கணு எல்லாம் மரமாவே தெரியும், ஆனா கண்ணாடிய கீறும், உடைஞ்ச ஓரம் வேக்ஸி, ஏன்னா மரம் போயி சிலிக்கா உக்காந்திருக்கு. அங்க ஹாபிட்னு கேட்டா மரத்தோட வடிவம், லஸ்டர்னு கேட்டா சால்செடனிங்கற சன்னமான சிலிக்காவோட லஸ்டர், ரெண்டையும் தனித்தனியா எழுதணும். அது பாதுகாக்கப்பட்ட இடம், அதனால அங்க உடைக்கறதும் எடுத்துட்டு வர்றதும் கூடாது, லென்ஸ் வெச்சு பாத்துட்டு வாங்க.